சாட்சி இல்லாத வீரத்துக்குப் பதக்கம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுக்கு இருமுறை, குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி, முப்படையினருக்கான வீரதீர விருதுப் பட்டியல் வெளியாகிறது. மறுநாள் நாளிதழ்களில் 'ராணுவத்தின் உயரிய விருது' என்ற ஒரே வாய்பாட்டில் செய்தி வருகிறது. எந்த விருது, எந்தச் செயலுக்கு, பக்கத்தில் நின்று சுட்டவருக்கு என்ன கிடைத்தது என்ற விவரம் இருப்பதில்லை. அப்புறம் டீக்கடையிலிருந்து வாசகர் பக்கம் வரைக்கும் சண்டைதான். 'இவருக்கு ஏன் பரம் வீர் சக்ரா கொடுக்கவில்லை?' 'அதிகாரிக்குப் பெரியது, சிப்பாய்க்குச் சின்னதா?' 'தமிழன் என்பதால் குறைத்துவிட்டார்களா?' இந்தக் கேள்விகளில் சில ஆளில்லாத இடத்தில் வீசும் கல். சில நியாயமானவை. எது எது என்று பிரிக்க, பதக்கம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

விருதுகள் இரண்டு குடும்பம். பகைவர் முன்னிலையில் காட்டிய வீரத்துக்குப் பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா. இவை 1950 ஜனவரி 26-ல் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும் என்று முன்தேதியிடப்பட்டவை. பகைவர் முன்னிலையில் அல்லாத வீரத்துக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இவை 1952-ல் அசோக சக்ரா முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று தொடங்கி, 1967-ல் இப்போதைய பெயர்களைப் பெற்றன. இந்தக் குடும்பம் சீருடை அணியாதவர்களுக்கும் உண்டு. 1986-ல் கடத்தப்பட்ட விமானத்தில் பயணிகளைக் காத்து உயிர்விட்ட நீரஜா பானோட் அசோக சக்ரா பெற்றது அப்படித்தான்.

இந்தப் பிரிவினை நாம் கண்டுபிடித்ததல்ல. பிரிட்டிஷாரிடம் பகைவர் முன்னிலைக்கு விக்டோரியா கிராஸ், மற்றதற்கு ஜார்ஜ் கிராஸ் என்று இருந்ததன் வாரிசு. 1944-ல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் பாய்ந்து, தன் உடலால் அதை மூடி, கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார் மதராஸ் சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியன். அவருக்குக் கிடைத்தது ஜார்ஜ் கிராஸ். எதிரி துப்பாக்கி நீட்டிக்கொண்டு எதிரே நிற்கவில்லை, வெடித்தது கண்ணி என்பதால்.

ஆகவே, தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு 'ஏன் பரம் வீர் சக்ரா இல்லை' என்று கேட்பது முதல்வகைக் கேள்வி. 2014 ஏப்ரல் 25-ல் ஷோபியானில் அவர் நடத்திய சண்டை, அரசின் கணக்கில் உள்நாட்டுத் தீவிரவாத ஒழிப்பு நடவடிக்கை. அந்தக் குடும்பத்தின் உச்சம் அசோக சக்ரா. அதைத்தான் கொடுத்தார்கள். குறைக்கவில்லை.

ஆனால் இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 1987 நவம்பர் 25-ல் இலங்கையில், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிராளியின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனையே சுட்டு வீழ்த்தி, உயிர் போகும்வரை ஆணை பிறப்பித்துக்கொண்டிருந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா. அவர் நம் பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி பெற்றவர். அங்கேயும் எதிரே நின்றது ஒரு நாட்டின் படை அல்ல, ஆயுதம் ஏந்திய இயக்கம்தான். ஆனால் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் பணி 'பகைவர் முன்னிலை' என்ற கணக்கில் வந்தது. (அந்தப் போரைப் பற்றிச் சென்னைக்கு இருந்த கருத்து எல்லோருக்கும் தெரியும். 1990 மார்ச்சில் படை நம் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது அன்றைய முதல்வர் வரவேற்கப் போகவில்லை. பதக்கம் தீர்ப்புச் சொல்வது அந்த மனிதனின் அந்தச் சில நிமிடங்களுக்கு. போரை முடிவுசெய்தவர்களுக்கு அல்ல.)

இன்னொரு ஒப்பீடு. 2016 செப்டம்பரில் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டிச்சென்று தாக்கியவர்களுக்குக் கீர்த்தி சக்ராவும் சௌர்ய சக்ராக்களும், அதாவது 'பகைவர் முன்னிலை அல்லாத' பதக்கங்கள். 2019 பிப்ரவரி 27 வான்சண்டைக்காக அபிநந்தன் வர்தமானுக்கு வீர் சக்ரா. 2020 ஜூன் 15-ல் லடாக்கில் சீனப் படையோடு நடந்த கல்வான் மோதல், துப்பாக்கி வெடிக்காமல் கல்லும் கம்பியுமாக நடந்த கைகலப்பு. அதற்கு மகா வீர் சக்ராவும் வீர் சக்ராக்களும். எது 'பகைவர்' என்பதைக் களம் முடிவு செய்வதில்லை, கோப்பு முடிவு செய்கிறது. எல்லை தாண்டியதை எந்தப் பெயரில் அழைப்பது என்ற அரசியல் முடிவு, சிப்பாயின் மார்பில் தொங்கும் ரிப்பனின் நிறத்தை மாற்றுகிறது.

நிறம் மட்டும் மாறினால் விட்டுவிடலாம். பணமும் மாறுகிறது. விருதோடு மாதாமாதம் வரும் தொகையான மாதப்படி, 2017 ஆகஸ்டில் இரட்டிப்பாக்கப்பட்ட விகிதத்தில் இது: பரம் வீர் சக்ரா 20,000 ரூபாய், அசோக சக்ரா 12,000, மகா வீர் சக்ரா 10,000, கீர்த்தி சக்ரா 9,000, வீர் சக்ரா 7,000, சௌர்ய சக்ரா 6,000, வீரத்துக்கான சேனா மெடல் 2,000. 'அசோக சக்ரா, பரம் வீர் சக்ராவுக்கு இணை' என்று ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறோம். இணை என்றால் மாதம் 8,000, ஆண்டுக்கு 96,000 ரூபாய் ஏன் குறைகிறது? அவ்வளவு பெரிய வித்தியாசம் அடுத்த படிகளில் இல்லை. அங்கே ஆயிரம் ரூபாய்தான். உச்சத்தில் மட்டும் இந்தப் பள்ளம் ஏன் என்பதற்கு யாரும் காரணம் சொன்னதாகத் தெரியவில்லை. சண்டை போட விரும்பும் வாசகர்கள் இந்த இடத்தில் போடலாம்.

இனி சைட்டேஷன், அதாவது விருதுக்குரிய செயலை விவரிக்கும் எழுத்து. பதக்கம் என்பது உலோகமாவதற்கு முன் ஒரு தாள். சம்பவம் நடந்ததும் யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர் பரிந்துரை எழுதத் தொடங்குகிறார். படை எண், பதவி, பெயர், நாள், இடம், எந்த ஆபரேஷன், என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்ற விவரணை, கண்ணால் கண்டவர்களின் எழுத்துமூல வாக்குமூலம், எந்த விருதுக்குப் பரிந்துரை என்பவை அதில் இருக்கும். அது பிரிகேட், டிவிஷன், கோர், கமாண்ட், தலைமையகம் என்று ஏறும். ஒவ்வொரு படியிலும் இருப்பவர் ஏற்கலாம், ஒரு படி இறக்கலாம். பாதுகாப்பு அமைச்சகம் பொதுவாகக் குடியரசு நாள் பட்டியலுக்கு ஆகஸ்டிலும், சுதந்திர நாள் பட்டியலுக்கு மார்ச்சிலும் பரிந்துரைகளைக் கேட்கிறது. பாதுகாப்பு அமைச்சர், இணை அமைச்சர், முப்படைத் தளபதிகள், பாதுகாப்புச் செயலாளர் அடங்கிய மத்திய விருதுக் குழு பார்க்கிறது. பிறகு பிரதமர், கடைசியில் குடியரசுத் தலைவர்.

எங்கே பழுதாகிறது என்றால், பெரும்பாலும் முதல் படியிலேயே. நன்றாக எழுதத் தெரிந்த அட்ஜுடன்டும் (யூனிட்டின் நிர்வாக அதிகாரி) விவரமான ஹெட் கிளர்க்கும் உள்ள யூனிட்டின் தாள் மேலே நிற்கும். 'மிகுந்த துணிச்சலுடன் போரிட்டார், உயிரைத் துச்சமென மதித்தார்' என்று பொதுவாக எழுதிய தாள் இரண்டாவது படியிலேயே இறங்கிவிடும். எத்தனை மீட்டர் தவழ்ந்தார், எந்த பங்கரிலிருந்து சுட்டார்கள், எத்தனாவது குண்டு பட்ட பிறகு கையெறிகுண்டை எடுத்தார், அவர் எடுக்காவிட்டால் எந்த செக்ஷன் (சிறு அணி) அழிந்திருக்கும் என்பதெல்லாம் இருந்தால்தான் மேலே இருப்பவரால் எடைபோட முடியும். வீரம் ஒன்றே; தமிழில் நினைத்து, இந்தியில் வாக்குமூலம் கொடுத்து, அது ஆங்கிலத்தில் தாளேறும்போது பாதி ஆவியாகிவிடுகிறது. சண்டை முடிந்த வாரத்திலேயே யூனிட் இடம் மாறினால், சாட்சி மருத்துவமனைக்குப் போய்விட்டால், தாள் அடுத்த பட்டியலுக்குத் தள்ளிப்போகும். தள்ளிப்போன தாளுக்குச் சூடு குறைவு.

சாட்சிதான் இதில் அச்சாணி. சீனப் போரில், 1962 நவம்பர் 18-ல் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் குமாவோன் படைப்பிரிவின் 13-வது பட்டாலியனைச் சேர்ந்த ஒரு கம்பெனி ஏறக்குறைய முழுதாக அழிந்தது. தப்பி வந்த சிலர் சொன்னதை முதலில் பலர் நம்பவில்லை. அடுத்த ஆண்டு பனிக்குள்ளிருந்து உடல்கள் கிடைத்தபோது, ஆயுதத்தைப் பிடித்த நிலையிலேயே பலர் உறைந்திருந்தார்கள். அந்த உடல்களே வாக்குமூலம் ஆயின. மேஜர் ஷைத்தான் சிங்குக்குப் பரம் வீர் சக்ரா வந்தது. பனி மூடியே இருந்திருந்தால்?

எதிரியின் சாட்சியும் செல்லும். கார்கிலில் டைகர் ஹில் பகுதியில் இறந்த பாகிஸ்தான் கேப்டன் கர்னல் ஷேர் கானின் ('கர்னல்' இங்கே பதவியல்ல, அவர் பெயர்) சட்டைப்பையில், அவர் வீரமாகப் போரிட்டார் என்று குறிப்பெழுதி வைத்து உடலை அனுப்பினார் இந்திய பிரிகேடியர் ஒருவர். அவர் நாடு தன் உச்ச வீர விருதான நிஷான்-ஏ-ஹைதரை அவருக்குக் கொடுத்தது. எதிரியே எழுதிக் கொடுத்ததைவிடக் கலப்படமற்ற சைட்டேஷன் இருக்க முடியாது.

சாட்சிக்குப் பதிலாகச் சாவே சான்றாகிவிடும் போக்கும் உண்டு. பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கு. அதில் 14 மறைவுக்குப் பின். உயிரோடு பெற்ற 7 பேரில் இருவர் இறந்துவிட்டதாக நினைத்துத்தான் கொடுக்கப்பட்டது! 1962-ல் மேஜர் தன் சிங் தாப்பா, பிறகு சீனச் சிறையில் இருந்தது தெரிந்தது. 1999-ல் கிரெனேடியர் யோகேந்திர சிங் யாதவ், மறைவுக்குப் பின் என்று அறிவித்துவிட்டு, மருத்துவமனையில் தேறிவருகிறார் என்று திருத்தினார்கள். பிழைத்தவனின் துணிச்சல் ஒரு மாற்றுக் குறைவு என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு, இறந்தவரின் தாளைக் குறைக்கக் கை நடுங்கும். இருப்பவரின் தாளைக் குறைக்க நடுங்காது.

இதற்கு மறுபக்கம், இறந்தவர் எல்லோருக்கும் பதக்கம் கேட்பது. கல்வானில் உயிரிழந்தவர்கள் 20 பேர். மகா வீர் சக்ராவோ வீர் சக்ராவோ பெற்றவர்கள் அதில் 5 பேர்; ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி அவர்களில் ஒருவர். மற்ற 15 பேர் கோழைகள் என்று இதற்குப் பொருளில்லை. பதக்கம் இறப்புக்கான இழப்பீடு அல்ல, நிரூபிக்கப்பட்ட செயலுக்கான குறி. இழப்பீடு வேறு கணக்கில் வரவேண்டும், குறைவில்லாமல் வரவேண்டும். இரண்டையும் குழப்பினால் இரண்டும் கெடும்.

சாட்சி தேவை என்பதாலேயே சில வேலைகளுக்குப் பதக்கம் எட்டுவதில்லை. பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் தரைப்படை 20, விமானப்படை 1, கடற்படை 0. தரைப்படைக்குள்ளும் பீரங்கிப் படைக்கு ஒன்றுகூட இல்லை. பீரங்கிக்காரர் பல கிலோமீட்டர் பின்னாலிருந்து, எதிரியின் பதிலடிக் குண்டுகளுக்கு நடுவே, குழாயை விட்டு நகராமல் சுட்டுக்கொண்டே இருப்பார். முன்னே மலையேறுபவர் உயிர் அவர் கையில். ஆனால் விதியின் மொழி 'தனிச்சிறப்பான துணிச்சல்' என்று ஒரு ஆளைத் தேடுகிறது. ஆறேழு பேர் சேர்ந்து செய்யும் வேலையில் அந்த ஒருவரை யார் பொறுக்குவது? சிக்னல் கம்பி இழுப்பவர், காயம்பட்டவரைத் தூக்கி வருபவர் கதையும் இதுதான்.

பதவி வேறுபாடு பற்றி. பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரில் அதிகாரிகள் 12, ஜே.சி.ஓ.க்களும் (சுபேதார் போன்ற இடைநிலைப் பதவியினர்) ஜவான்களும் சேர்ந்து 9. ஒரு காலாட்படை பட்டாலியனில் சுமார் 800 பேருக்கு அதிகாரிகள் இருபது பேர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் தராசு சாய்ந்தே இருக்கிறது. இதில் பாதிக்கு விளக்கம் உண்டு: நம் படையில் இளம் அதிகாரி முன்னால் ஓடுகிறார், முன்னால் ஓடுபவர் முதலில் சாகிறார். மீதிப் பாதிக்கு அந்த விளக்கம் போதாது. பரிந்துரையை எழுதுபவர் அதிகாரி. அவர் கண்ணுக்கு முதலில் படுவது அதிகாரி. ஆனால் பதக்கமே பதவி பார்த்துப் பிரிக்கப்படவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். விக்டோரியா கிராஸ் 1856-ல் தொடங்கியும் இந்தியச் சிப்பாய்க்கு 1911 வரை தகுதியில்லை. பிரிட்டனில் அதிகாரிக்கு மிலிட்டரி கிராஸ், சிப்பாய்க்கு மிலிட்டரி மெடல் என்ற வேறுபாடு 1993-ல்தான் நீங்கியது. நம் சக்ராக்கள் பிறந்த நாளிலிருந்தே எல்லாப் பதவிக்கும் பொது. விதி நேராக இருக்கிறது, எழுதும் கை கோணுகிறது.

கைகோணலின் மோசமான வடிவம் பொய். சியாச்சினில் 2003-ல் எதிரிகளைக் கொன்றதாகப் போலியாகக் காணொளி எடுத்தது ராணுவ விசாரணையிலேயே வெளிவந்து தண்டனையும் கிடைத்தது. 'எத்தனை பேரைக் கொன்றாய்' என்ற எண்ணிக்கை பதக்கத்துக்கு அளவுகோலாகும் இடத்தில் இந்த ஆசை முளைக்கும். எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்ற வரி சைட்டேஷனில் கனமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் அகிம்சை அல்ல. காப்பாற்றப்பட்டவர் உயிரோடு வந்து சாட்சி சொல்வார், பொய் சொல்வது கடினம்.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீர்ப்படுத்தி, நட்டு, வாழ்த்துவது வரை நடுகல்லுக்குப் பழைய இலக்கணம் ஆறு நிலை வகுக்கிறது. செங்கம், தருமபுரிப் பக்கத்து நடுகற்களைப் படித்துப் பாருங்கள்: எந்த அரசனின் எத்தனாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எந்தத் தொறு (கால்நடை மந்தை) மீட்டபோது பட்டான். நாலே வரி, அத்தனையும் விவரம், ஒரு பெயரடை மிகையில்லை. எடுத்தனூர்க் கல்லில் வீரனோடு நின்ற நாய்க்கும் 'கோவிவன்' என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து, 2022-ல், ஆக்சல் என்ற ராணுவ நாய்க்கு 'மென்ஷன் இன் டெஸ்பாட்சஸ்' (படை அறிக்கையில் பெயர் குறிப்பிடும் கௌரவம்) கொடுத்தோம். சைட்டேஷன் எழுதப் பழகும் இளம் அதிகாரிகளுக்குச் செங்கத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் தப்பில்லை.

சில்லறைக் குறைகள் சிலவும் உண்டு. சேனா மெடல் வீரத்துக்கும் தரப்படுகிறது, சிறந்த பணிக்கும் தரப்படுகிறது. மார்பில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. குண்டுமழையில் ஓடியவரையும் அலுவலகத்தைச் செம்மையாக நடத்தியவரையும் ஒரே ரிப்பன் சமமாக்குகிறது. அணியும் வரிசையில் பரம் விசிஷ்ட சேவா மெடல், மகா வீர் சக்ராவுக்கு முன்னால் வருகிறது. அதி விசிஷ்ட சேவா மெடல், வீர் சக்ராவுக்கு முன்னால். இவை பெரும்பாலும் மூத்த அதிகாரிகளின் நீண்ட பணிக்கானவை. இதை ஒரு ஜவானுக்கு நேராகப் பார்த்து விளக்கிச் சொல்ல யாராலும் முடியாது. மாநில அரசுகள் தரும் ரொக்கமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒரே பாறையின் பின்னால் படுத்திருந்த இருவருக்கு, பிறந்த ஊரைப் பொறுத்துத் தொகை மாறுகிறது.

குடும்பங்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. விருது அறிவித்தால் மாதப்படி தானாக வங்கிக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அரசிதழ் அறிவிப்பு, ரெக்கார்டு ஆபீசின் பதிவு, ஓய்வூதிய ஆணை மூன்றிலும் விருது ஏற வேண்டும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு அடிக்கடி இடிப்பது இனிஷியல்: சர்வீஸ் ரெக்கார்டில் தகப்பன் பெயர் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் ஓரெழுத்து. பெயரைச் சரிசெய்யும் வேலையை முதலில் முடித்துவிட்டு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அரசிதழ் நகலோடு மனு கொடுக்கவும். கணவர் மறைந்தபின் மறுமணம் செய்துகொண்டால் படி நின்றுவிடும் என்று இன்னும் சில இடங்களில் சொல்கிறார்கள். முன்பு கணவரின் சகோதரரை மணந்தால் மட்டுமே தொடரும் என்ற நிபந்தனை இருந்தது. 2017 நவம்பரில் அதை நீக்கிவிட்டார்கள்.

அமைச்சகத்திடம் எங்கள் கோரிக்கை மூன்றே. அசோக சக்ராவின் படியைப் பரம் வீர் சக்ராவுக்கு இணையாக்குங்கள். பரிந்துரை எந்தப் படியில் இறக்கப்பட்டாலும் காரணத்தை ஒரு வரியில் எழுதி யூனிட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். அடுத்த முறை அந்தத் தாள் உருப்படியாக வரும். வீரத்துக்கான சேனா மெடலுக்கு, ரிப்பனில் ஒரு சின்னமாவது தனியாக வையுங்கள்.

தங்களிடம் ஒன்று. அடுத்த பட்டியல் வரும்போது தமிழ்நாட்டுப் பெயரை மட்டும் பொறுக்கிப் போடாமல், அந்த ஆபரேஷனில் விருது பெற்ற மற்றவர்களையும் ஒரு வரியில் சேருங்கள். ஷோபியானில் முகுந்தோடு உயிர்விட்ட சிப்பாய் விக்ரம் சிங்குக்குச் சௌர்ய சக்ரா கிடைத்தது. முகுந்தின் பெயர் தெரிந்த சென்னையில் அந்தப் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர்கள் சிலர்,
பரங்கிமலை, சென்னை - 16